அப்பாவும் நாலு பலாச்சுளையும்

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். லீவுக்காக மேனேஜரை 'கன்வின்ஸ்' பண்ணினேன் என்று கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு எழுதினாய், அவள் லீவு கிடைத்துவிட்டது என்று நினைத்து உன் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டாள், மேனேஜரோ ஒத்துக்கொள்ளவே இல்லை. தப்பு என்னுடையதுதான். உன் பத்தாம் வகுப்பு நோட்டில் 'பெர்சுவேட்' என்றால் வற்புறுத்து என்று எழுதிக்கொடுத்தது நான்தானே.

தமிழில் "எவ்வளவோ வற்புறுத்தினேன், வரவில்லை" என்றால் யாருக்கும் உறுத்தாது. ஆங்கிலத்தில் பெர்சுவேட், கன்வின்ஸ் என்று சொல்லும்போதே எதிராளி மசிந்துவிட்டான் என்று ஆகிவிடும். மசியவில்லையா, முன்னால் 'ட்ரைட் டு' போடு. இல்லாவிட்டால் 'அர்ஜ்' (urge) என்று எழுது, அதில் நீ பட்ட பாடு மட்டும்தான் தெரியும். 'டாக் இன்ட்டு' என்றாலும் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தாயிற்று என்றுதான் பொருள். பேசித் தடுத்து நிறுத்தினால் 'டாக் அவுட் ஆஃப்'.

'டெம்ப்ட்' அப்படி இல்லை. போன சனிக்கிழமை திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் பண்ருட்டிப் பலாவைப் பிளந்து வைத்திருந்தான், தெருமுனை வரைக்கும் வாசனை. உங்கப்பாவுக்குச் சர்க்கரை 240. வண்டிக்காரன் பேப்பர் துண்டில் ஒரு சுளையை வைத்து "சும்மா ருசி பாருங்க சார், காசு வேணாம்" என்று நீட்டுகிறான், இவர் என்னைப் பார்க்கிறார், சுளையைப் பார்க்கிறார், கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். அதுவரைக்கும்தான் 'ஹி வாஸ் டெம்ப்டட்'. சபலம் தட்டியது என்பதோடு சரி, தின்றாரா இல்லையா என்பது அந்த வார்த்தைக்குள் இல்லை. தின்றார், நாலு சுளை, அது வேறு கதை.

நீ சோறு தின்ன மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொள்வாய், மாடிக்குத் தூக்கிப்போய் நிலாவைக் காட்டி ஒவ்வொரு உருண்டையாக உள்ளே தள்ளுவேன், அந்தத் தாஜாதான் 'கோக்ஸ்' (coax). 'லூர்' (lure) வேறு ரகம், ஆசை காட்டி மாட்டிவிடுவது. தூண்டிலில் மாட்டும் போலி மீனுக்கே அதுதான் பெயர், உள்ளே முள் இருக்கும். மேனேஜர் விஷயத்தில் அதை மட்டும் எழுதித் தொலைக்காதே.

அப்புறம், அப்பா ரத்தப் பரிசோதனைக்கு வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு போன் போட்டுப் பேசு. பேசிவிட்டு, பெர்சுவேட் பண்ணினாயா, வெறும் அர்ஜ்தானா என்று எனக்கு ஒரு வரி எழுது.

அம்மா