ட்வின் பீக்ஸும் உங்கள் அடைப்புக்குறியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தொலைக்காட்சித் தொடர்களை மீண்டும் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில், லாரா என்ற பள்ளி மாணவியைக் கொன்றது யார் என்று துப்பறியும் ‘ட்வின் பீக்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடருக்கு ஒன்பது வரி ஒதுக்கியிருந்தீர்கள். அதில் ஒரு வரி மூன்று நாளாக மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது. “கொலையாளி யாரென்று கடைசி எபிசோடில் தெரிந்துவிட்ட பிறகு இதைத் திரும்பப் பார்ப்பது, விடை எழுதிய குறுக்கெழுத்தை மறுபடி நிரப்புவதைப் போல.” அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அடைப்புக்குறிக்குள் கொலையாளியின் பெயரையும் அச்சிட்டுவிட்டீர்கள்.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அது கடைசி எபிசோட் இல்லை. 1990ஆம் ஆண்டு நவம்பர் 10 அன்று ஒளிபரப்பான, இரண்டாம் பருவத்தின் ஏழாவது எபிசோட். பழைய இரண்டு பருவங்களையும் சேர்த்தால் மொத்தம் 30 எபிசோடுகள். இது பதினைந்தாவது. சரியாகப் பாதி. இன்னும் பதினைந்து எபிசோடுகள் மிச்சமிருக்கின்றன என்பது உங்கள் ஆசிரியர் குழுவில் ஒருவருக்குக்கூடத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சரிபார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான இயக்குநர் டேவிட் லிஞ்ச் அந்த ரகசியத்தை உடைக்கவே விரும்பாதவர். தொடரை ஒளிபரப்பிய ஏபிசி சேனல் கொடுத்த நெருக்கடியில்தான் உடைத்தார். உடைக்கும் காட்சியைக்கூட மூன்று நடிகர்களை வைத்துத் தனித்தனியாகப் படம்பிடித்தார்கள். படப்பிடிப்பில் இருந்தவர்கள் மூலமாகக்கூட விஷயம் வெளியே கசியக்கூடாது என்று அத்தனை ஜாக்கிரதை. அவர்கள் அப்படிப் பொத்திப் பாதுகாத்ததை நீங்கள் ஒரு அடைப்புக்குறியில் கொட்டிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் என் பெண் இப்போதுதான் மூன்றாவது எபிசோடில் இருந்தாள். பத்திரிகையைப் பிரித்தவள் மடித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அதனால் இந்தக் கடிதத்தில் நானும் பெயர் சொல்லப் போவதில்லை.

இந்தப் பத்திரிகையை நான் வாசிக்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்கென்று தனிப் பக்கமே இருந்தது. அதை எடுத்தீர்கள், காரணம் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் அஞ்சலோ படலமென்ட்டி காலமானபோது ஒரு வரி வரவில்லை. அந்தத் தொடரின் முகப்பு இசையைக் கேட்டவர்கள் அவரை எப்படி மறக்க முடியும்? 2025 ஜனவரியில் லிஞ்ச் மறைந்தபோது அரைப் பத்தி போட்டீர்கள், அதிலும் சினிமாதான், தொடரின் பெயரே இல்லை. அன்றே ஒரு கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. அதற்கு முன்பு கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர், இந்தத் தொடரில் சிவப்புத் திரை போட்ட அறையில் வருபவர்கள் ஏன் அப்படிக் குழறுகிறார்கள் என்று கேட்டிருந்தார். ஒலிப்பதிவுக் கோளாறாக இருக்கலாம் என்று பதில் போட்டீர்கள். அது கோளாறு இல்லை ஐயா. வசனத்தைத் தலைகீழாகப் பேசிப் பழகி, நடித்து, பிறகு படச்சுருளைத் திருப்பி ஓட்டியது. அதனால்தான் ஆங்கிலத்துக்கே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. மனிதர்கள் உட்கார்ந்து பாடுபட்டுச் செய்ததைக் கோளாறு என்றால் வருத்தமாக இருக்காதா?

திரும்பப் பார்ப்பதைப் பற்றி இவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்களே, அதற்கு வருகிறேன். 1993இல் பிராவோ சேனல் இந்தத் தொடரை மறு ஒளிபரப்பு செய்தபோது, அதற்கென்றே ஒவ்வொரு எபிசோடுக்கும் தனித்தனி முன்னுரையை லிஞ்ச் புதிதாக எடுத்தார். தொடரில் கையில் மரக்கட்டையை ஏந்தியபடி வரும் ஒரு பெண்மணிதான் அதில் பேசுவாள். இது பலரின் கதை, ஆனால் ஒருத்தியிடமிருந்து தொடங்குகிறது என்று முதல் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறாள். வெறும் குறுக்கெழுத்தாக இருந்தால் விடை வெளியாகி மூன்று வருடம் கழித்து எதற்கு மெனக்கெட்டு முன்னுரை எடுக்க வேண்டும்?

அந்தப் பதினைந்தாவது எபிசோடைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயது முப்பது. அப்போது யார், யார் என்றுதான் கண் அலைந்தது. இந்தத் தடவை காதுதான் முதலில் விழித்துக்கொண்டது. ஒரு வீட்டுக் கூடம். யார் வீடு என்று எழுத மாட்டேன். பகலில் அங்கே ரெக்கார்டு பிளேயரில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிக்கொண்டிருக்கிறார், சோபாவில் மூன்று பேர் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் சின்னவள் ஊருக்குக் கிளம்பப் போவதாகச் சொல்கிறாள். இரவில் அதே கூடம். பாட்டு எப்போதோ முடிந்துவிட்டது. தட்டு மட்டும் சுற்றுகிறது, முள் கடைசிக் கோட்டில் இடறி இடறி டக், டக் என்கிறது. போய் முள்ளைத் தூக்கி வைக்க ஆள் இல்லை. அந்தச் சத்தம் எத்தனை நேரம் கேட்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் கவனித்திருப்பாரா?

அதே நேரம் ஊரின் இன்னொரு மூலையில், ரோட்ஹவுஸ் மதுக்கடையில், ஜூலி குரூஸ் மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார். துப்பறிய வந்த எஃப்பிஐ அதிகாரி டேல் கூப்பர், ஷெரிஃப், மரக்கட்டைப் பெண்மணி மூவரும் ஒரே மேசையில். மறுபடி நடக்கிறது என்று கூப்பருக்கு மட்டும் ஒரு தோற்றம் வந்து சொல்கிறது. எங்கே, யாருக்கு என்று சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் எல்லாம் முடிந்த பிறகு, பருவத்தின் தொடக்கத்தில் குண்டடி பட்டுத் தரையில் கிடந்த கூப்பருக்குப் பால் கொண்டுவந்தாரே, அதே தள்ளாத கிழவர் எழுந்து வருகிறார். கூப்பரின் தோளில் கை வைத்து, வருத்தமாக இருக்கிறது என்கிறார். வேறொன்றும் இல்லை. இன்னொரு மேசையில் லாராவின் தோழி டானா அழத் தொடங்குகிறாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அங்கே ஒருவருக்கும் தெரியாது. பார்க்கிற நமக்கு மட்டும் தெரியும்.

என் தம்பி சாலை விபத்தில் போனான். செய்தி போனில் வந்தது, எடுத்தது நான். மறுமுனையில் சித்தப்பா பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. விபத்து நடந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரமும் நாங்கள் வீட்டில் டிவி போட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் அம்மா மட்டும் ஒரு தரம் எழுந்து போய்க் கதவைத் திறந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை என்றாள். அந்த இரண்டு மணி நேரத்தை நான் வேறெந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. இதில் பார்த்தேன். யார் கொலையாளி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பார்க்க முடிந்தது.

முதல் எபிசோடில் அழுகை அதிகம், ஓட்டிவிட்டுப் பார்க்கலாம் என்றும் அந்தக் கட்டுரையில் ஒரு யோசனை இருக்கிறது. லாராவின் அம்மா மாடிக்கு ஓடிப் படுக்கை காலியாக இருப்பதைப் பார்க்கிறாள். ஒவ்வொரு வீடாகப் போன் செய்கிறாள். கடைசியில் ஓட்டலில் இருக்கும் கணவனிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அங்கே ஷெரிஃப் வந்து நிற்கிறார். கணவன் கையிலிருந்து ரிசீவர் நழுவுகிறது. கேமரா மெதுவாகப் போன் வயரோடு கீழே இறங்குகிறது, தொங்கும் ரிசீவருக்குள்ளிருந்து அவள் கதறுவது கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கியில் செய்தி சொல்ல வந்த தலைமையாசிரியர் உடைந்துபோகிறார். எதை ஓட்டச் சொல்கிறீர்கள்? அழுகிற வீட்டில் இருந்தவர்களுக்கு அது அதிகமாகத் தெரியாது.

கோபத்தில் வரம்பு மீறி எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். நான் கேட்பது இரண்டே விஷயம். அடுத்த இதழில் ‘கடைசி எபிசோட்’ என்பதை ‘பதினைந்தாவது எபிசோட்’ என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். இனிமேல் கதையின் முடிச்சை அவிழ்க்கும் கட்டுரை எதுவானாலும், தலைப்புக்குக் கீழே முன்கூட்டியே ஒரு வரி எச்சரிக்கை கொடுங்கள்.

கடிதம் நீளம் என்று தோன்றினால் என் தம்பியைப் பற்றிய பத்தியை எடுத்துவிடலாம். திருத்தத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி