உறைக்குள் இருந்த பணி நியமன ஆணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் பற்றித் தங்கள் இதழில் சென்ற ஞாயிறன்று வந்த கட்டுரையில், ‘வேலைகள் காத்துக் கிடக்கின்றன, சொந்த ஊரை விட்டுக் கிளம்பத்தான் இளைஞர்களுக்கு மனமில்லை’ என்று ஒரு வரி இருந்தது. என் மகள் அதை வாசித்துவிட்டு இதழை மடித்து வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே நான் எழுத வேண்டியதாயிற்று.

பி.எஸ்சி. முடித்த அவள், இரண்டு பேருந்து மாறி, அப்படியொரு முகாமுக்குப் போனவள். ஏழு மேசைகளில் ஒரே விவரங்களை ஏழு முறை எழுதிக் கொடுத்தாள். மாலையில் மேடைக்கு அழைத்து, ஒரு பிரமுகர் கையால் உறை வழங்கிப் படமும் எடுத்தார்கள். திரும்பும் பேருந்தில் உறையைப் பிரித்தபோது, ‘பணி நியமன ஆணை’ என்ற தலைப்புக்குக் கீழே சம்பளம், பணியிடம், சேர வேண்டிய நாள் ஆகிய மூன்று இடங்களிலும் வெறும் புள்ளிக்கோடுகள்தாம் இருந்தன. மூன்று முறை தொலைபேசியில் கேட்ட பிறகே, வேலை சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடத்தில், அதுவும் ஒப்பந்ததாரரின் கீழ், விடுதிக்கும் உணவுக்கும் சம்பளத்தில் பிடித்தம் உண்டு என்பது தெரியவந்தது. மறுநாள் தாங்கள் அச்சிட்ட ‘பணி ஆணை பெற்றோர்’ கணக்கில் அவளும் ஒருத்தி.

எனக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் பழக்கம் நெடுநாளையது. 1989-இல் வெயிலில் வரிசையில் நின்று பதிந்த அட்டையை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தேன். 1995-இல் என் தாயார் மருத்துவமனையில் கிடந்ததால் புதுப்பிக்கும் மாதம் தவறியது. ஆறாண்டுப் பதிவு மூப்பு அத்தோடு போயிற்று. ‘புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள், சார்’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள். இப்போது எல்லாம் இணையத்தில் நடக்கிறது. அலுவலகப் பெயரோடு ‘தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்பதும் சேர்ந்திருக்கிறது. என் மகளுக்கு அங்கே கிடைத்த வழிகாட்டல், முகாம் நடக்கும் கல்லூரிக்குச் செல்லும் பேருந்தின் எண்.

தாங்கள் அறியாததல்ல: 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்பதில்லை என்றும் அதே சட்டம் சொல்லிவிட்டது. பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300 ரூபாய் என மூன்றாண்டுக்குத் தமிழக அரசின் உதவித்தொகை உண்டு. நேர்காணலுக்குச் சென்னை போய் வரும் செலவுக்கே அது பற்றாது என்பதை ஊரை விட்டுக் கிளம்ப மனமில்லாதவர்கள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

என் உண்மையான ஆற்றாமை வேறு. மாவட்டத்தில் யார் யார் வேலை தேடுகிறார்கள் என்பது வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரியும். எந்த ஆலை புதிதாக வருகிறது, எது கடன் கேட்டிருக்கிறது என்பது மாவட்டத் தொழில் மையத்துக்குத் தெரியும். எங்கள் ஊரில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தேநீர்க் கடைதான் இருக்கிறது. கோப்பு மட்டும் அந்தத் தூரத்தைக் கடப்பதில்லை. 2022-இல் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் கல்லூரியிலேயே என் மகள் கணினிப் பயிற்சி பெற்றாள். பயிற்சி நன்றாகவே இருந்தது என்றாள், அதை மறைப்பானேன்? ஆனால் பயிற்சி ஓரிடத்திலும், பதிவு ஓரிடத்திலும், முகாம் ஓரிடத்திலுமாக இருக்க, இம்மூன்றையும் இணைக்கும் வேலை மட்டும் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் அரிசி ஆலைகளிலிருந்தோ மீன் பதனிடும் கூடங்களிலிருந்தோ அந்த முகாமுக்கு ஒருவரும் வரவில்லை. அவர்களை அழைத்தார்களா என்று கேட்டேன்; பதில் வரவில்லை.

என் வேண்டுகோள் சிறியது. முகாம் அறிவிப்பைத் தாங்கள் வெளியிடும்போது, ஒவ்வொரு நிறுவனத்தின் சம்பளம், பணியிடம், நேரடி நியமனமா ஒப்பந்தமா என்ற மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். மூன்று மாதம் கழித்து, ஆணை பெற்றவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்றும் தங்கள் நிருபர் ஒருமுறை கேட்கட்டும். மகளின் உறையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேவையானால் நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
முப்பதாண்டு வாசகர் ஒருவர்,
காவிரி டெல்டா.