நெறிமுறைக் குழு ஒப்புதல்: ஆய்வு மாணவர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். மனிதர்களிடம் தரவு திரட்டும் எந்த நலவாழ்வு ஆய்வும், வெறும் வினாப்பட்டியலாகவே இருந்தாலும், நிறுவன நெறிமுறைக் குழுவின் பார்வைக்குச் சென்ற பிறகே தொடங்கப்பட வேண்டும். விலக்கு உண்டா என்பதையும் அக்குழுவே தீர்மானிக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர். துறை சாராத பொது உறுப்பினர் ஒருவரும் அதில் இருப்பார். பங்கேற்பாளரிடம் நாம் கையொப்பம் பெறும் ஒப்புதல் படிவம் அந்தப் பொது உறுப்பினருக்கே விளங்காவிட்டால் பங்கேற்பாளருக்கும் விளங்காது என்பதால், தமிழ்ப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை மட்டும் பெறுவது போதாது. ஆய்வுடன் தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் விளக்கம் முழுவதும் உடனிருந்து கையொப்பமிட வேண்டும். 7 வயது நிரம்பிய சிறாரிடம், பெற்றோர் ஒப்புதலுடன், அவர்களது இசைவையும் கேட்க வேண்டும்.