தாம்பரம் கார்டுகள்

அன்புள்ள செல்விக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாரும் நலம். அத்தை வந்துபோனாள். அந்தக் கதையை அப்புறம் எழுதுகிறேன்.

பரண் ஒழித்தபோது தாத்தாவின் கார்டுகள் கிடைத்தன. 1957, 58இல் தாம்பரம் காசநோய் சானடோரியத்திலிருந்து போட்டவை. தபால்காரர் படிப்பார் என்று நோயின் பெயரை ஒன்றில்கூட எழுதவில்லை. "காற்று நன்றாக இருக்கிறது. எடை 2 பவுண்டு கூடியிருக்கிறது. சாயந்திரம் ஜுரம் இல்லை." அவ்வளவுதான். பாட்டி ஊரில் "மெட்ராஸில் வேலை" என்று சொல்லிவைத்திருந்தாள். வேலைக்குப் போனவர் எதற்கு வாராவாரம் எடை எழுதுகிறார் என்று தபால்காரர் யோசிக்காமலா இருந்திருப்பார்? கார்டை இடுக்கியால் பிடித்து வெயிலில் போட்டுவிட்டுத்தான் பாட்டி படிப்பாளாம். சிலதில் மை வெளுத்தே போயிருக்கிறது.

அதே சமயம் மெட்ராஸிலேயே ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்து மாத்திரை கொடுத்தார்கள். மீதிப் பேருக்கும் அதே மாத்திரையைக் கொடுத்து, நெருக்கடியான வீடுகளிலேயே இருக்கவிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். கூட இருந்தவர்களுக்கும் அதனால் அதிகமாக ஒட்டவில்லை. தாத்தா அவ்வளவு நாள் தனியாகக் கிடந்திருக்கவே வேண்டாம். மாத்திரையை விடாமல் போடுவதுதான் காரியம். இருமல் நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

போன வாரம் மெசேஜில் 'வெயிட் ஒரு கிலோ ஏறியிருக்கு' என்று எழுதியிருந்தாய். நீ எப்போதிலிருந்து எடை பார்க்கிறாய்? மூன்று மாதமாக வீடியோவில் முகம் காட்டவில்லை. கேட்டால் நெட் சரியில்லை என்கிறாய். தனியாகவே எல்லாம் சமாளிப்பாய், தெரியும். உன்னை நினைத்துப் பெருமைதான். அதற்காக அம்மாவிடமும் கார்டு எழுதுவதா?

உனக்குச் சொல்லாத ஒன்று. உனக்கு நாற்பது நாள் ஆனபோது தாத்தா உன்னை வாங்கக் கை நீட்டினார். அவருக்குக் குணமாகி முப்பது வருஷம் ஆகியிருந்தது. "பால் கொடுக்கணும்ப்பா" என்று உன்னை உள்ளே தூக்கிப்போனேன். நீ அப்போதுதான் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தாய். வாயோரம் பால்கூடக் காயவில்லை. அவர் அதைப் பார்த்தார். அதற்கப்புறம் கடைசிவரை உன்னைத் தூக்கக் கேட்கவே இல்லை. இப்படிப்பட்டவளிடம் நீ எப்படிச் சொல்லுவாய்?

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. உனக்கென்று தனித் தட்டு, டம்ளர் வைத்திருந்தால் எடுத்து மற்றதோடு கலந்துவிடு. மாத்திரையை மறக்காதே. அதுவரை எடையை எழுது.

அம்மா