பழைய படகும் இரண்டு வரி விளம்பரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில், பழைய பொருள்களை விற்க வந்து, பழுதைச் 'சிறு வேலை உண்டு' என்று சொல்லி முடியும் விளம்பரங்களைப் பற்றி, அப்படி ஒன்றைக் கொடுத்துத் தலைகுனிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1863இல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய, மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், தூத்துக்குடியிலிருந்து படகை மலையேற்றினார் என்பார்கள். அவருக்காவது ஏரி இருந்தது. என் தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது, கொச்சிக் காயலில் ஓட்டிவந்த பதினாறடி ஃபைபர் மோட்டார் படகை, பர்லியார் வழியாகக் குன்னூருக்கு இழுத்து வந்தார். இங்கே எந்த ஏரியிலும் அதை இறக்க வாய்ப்புக் கிடைக்காமல், கொட்டகையிலேயே 18 ஆண்டுகள் கழிந்தன.

சென்ற ஆண்டு அதை விற்க விளம்பரம் கொடுத்தேன். கூடுதல் வரி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்பதால், எல்லாக் குறைகளையும் 'சிறு வேலை' என்ற இரண்டு சொற்களுக்குள் அடக்கிவிட்டேன். அதை நம்பிச் சேலத்திலிருந்து வந்தவர், சுத்தியல் பிடியால் படகின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே போனார். மற்ற இடங்களில் கணீரென்று கேட்ட ஓசை, எஞ்சின் மாட்டும் இடத்தில் மட்டும் பொத்தென்று அடங்கியது. வெளியே ஃபைபர் பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டகைக் கூரை ஒழுகிப் படகுக்குள் தேங்கிய மழைநீர், போல்ட் துளைகள் வழியே உள்ளிருக்கும் பிளைவுட்டில் இறங்கி, அதை உளுக்கச் செய்திருந்தது. ஃபைபரை அறுத்துத் திறந்து, பலகையை மாற்றி, மீண்டும் ரெசின் பூசி மூட வேண்டிய பழுதைச் சிறு வேலை என்று எவரும் சொல்ல மாட்டார். "போன்லயே சொல்லியிருந்தா வேன் வாடகையாவது மிஞ்சியிருக்குமே சார்" என்றார் அவர். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

எஞ்சின் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிக் காட்டியபோது அது கரும்புகை கக்கித் திணறியது. ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால், கடல்மட்டத்துக்கென அமைத்த கார்புரேட்டர் பெட்ரோலை அளவுக்கு மீறிக் கொடுக்கும். எஞ்சின் திறனிலும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். மலையில் வைத்து விற்பவர் இதைச் சொல்லாவிட்டால், நல்ல எஞ்சினும் பழைய இரும்பு விலைக்கே போகும். உப்பு கலந்த காயல் நீரில் ஓடியதையும், பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்கள் இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காது என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் முறை. நானோ ஒன்றையும் சொல்லவில்லை.

விற்பவர் மறைப்பது பாதி என்றால், வரிக்கு இவ்வளவு என்ற விளம்பரக் கட்டணம் மறைக்க வைப்பது மீதி என்பது என் எண்ணம். பழுதுபார்க்க வேண்டிய படகு, டிராக்டர், ஜெனரேட்டர் போன்றவற்றின் விளம்பரங்களில், குறைகளை எழுதுவதற்கு மட்டும் இரண்டு வரிகளைக் கட்டணமின்றித் தாங்கள் வழங்க வேண்டுகிறேன். அவ்வரிகளில் புகழ்ச்சி எழுதினால் நீக்கிவிடலாம். சலுகை வரும்வரை காத்திராமல், அடுத்த வாரம் ஐந்து வரிக்குப் பணம் கட்டி அதே படகுக்கு மீண்டும் விளம்பரம் தரவிருக்கிறேன். பின்பலகை உளுத்தது என்பதே அதன் முதல் வரி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர்.