கச்சத்தீவு எங்களுக்கு மணல்திட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை கச்சத்தீவு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், "குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத 285 ஏக்கர் மணல்திட்டு" என்று ஒரு வரி. தண்ணீர் இல்லை என்பது உண்மைதான். நாங்கள் குடத்தில் கொண்டுபோனவர்கள். ஆனாலும் அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1972இல், எட்டு வயதில், அப்பாவின் வல்லத்தில் அந்தோணியார் கோவில் திருவிழாவுக்குப் போனேன். பக்கத்தில் இலங்கையின் நெடுந்தீவுக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. அவர்கள் சோறு வடித்தார்கள், அம்மா புளிக்குழம்பு வைத்தார். கிளம்பும்போது ஓலைக்குட்டானில் கருப்பட்டி தந்தார்கள். பனங்கட்டி என்று சொன்னார்கள். போர் வந்து திருவிழாவே நின்றுபோன பிறகும், சாகும்வரை அப்பா அவர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தம் தங்களுக்குத் தெரியாததல்ல. நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே விசா இல்லாமல் அங்கே போய்வரலாம் என்கிறது 5ஆவது பிரிவு. படகுகளுக்கு வழிவழியாக இருந்த உரிமையைச் சொல்வது 6ஆவது பிரிவு. 1976இல் இரு நாட்டு அரசுகளும் கடிதப் பரிமாற்றம் செய்து, இலங்கைப் பக்கம் நாங்கள் மீன்பிடிக்கக் கூடாது என்றார்கள். கட்டுரையில் இது எதுவுமே இல்லை. எந்தக் கட்சி கொடுத்தது, எந்தக் கட்சி மீட்கும் என்பதற்கே இடம் சரியாகிவிட்டது. தேர்தல் நேரத்தில் மட்டும் எங்கள் கடல் முதல் பக்கத்துக்கு வருகிறது.

அப்புறம் அந்த "எல்லை தாண்டிய மீனவர்கள்". என் அண்ணன் மகனை இலங்கைக் கடற்படை பிடித்தபோதும் இதே தலைப்புதான். எஞ்சின் நின்று, நீரோட்டத்தில் போன படகு அது. வீட்டுக்கு வந்து யாரும் கேட்கவில்லை. விசைப்படகுகள் இழுவை மடி வலை போட்டு யாழ்ப்பாணத்து மீனவர்களின் வலையை அறுத்துப்போடுவது தப்பு. சங்கக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். எங்கள் நாட்டுப்படகையும் அதோடு சேர்த்து எழுதினால் எப்படித் தாங்குவது?

முப்பது வருஷமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். நின்றுபோன கச்சத்தீவுத் திருவிழா இப்போது மறுபடி நடக்கிறது. போன முறை அதற்குப் பெயர் பதிவு செய்யும் கடைசி நாள், அது முடிந்த மறுநாள்தான் உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்தது. என் மனைவியால் போக முடியவில்லை. இந்த முறையாவது ஒரு வாரம் முன்னதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
தங்கச்சிமடம்.