தேம்பி நாகாவுக்குக் குடிபோன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மும்பைப் பக்கத்துத் தானே நகரில் வீடு கிடைத்தால் எல்லோரும் முதலில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்வார்கள். நீ என்னடா என்றால், பக்கத்தில் இருக்கிற யூதர்களின் ஜெப ஆலயத்துக்கு விடியும் முன்பே பெரியவர்கள் போகிறார்களே, என்ன விசேஷம் என்று கேட்கிறாய். போனில் சொல்லி மாளாது.

அது ஷாஅர் ஹஷமாயிம், 1879இல் கட்டியது. இப்போது அவர்களுக்கு எலுல் மாதம். வருஷப் பிறப்புக்கு முந்தைய மாதம் முழுவதும் விடியலில் பாவமன்னிப்பு கேட்கும் பாடல்கள் உண்டு. நீ பார்த்தது அதற்குப் போகிறவர்களைத்தான்.

அவர்களைப் பார்த்தால் தயவுசெய்து "எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதே. பெனே இஸ்ரேல் என்கிற இந்த யூத மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கொங்கண் கரைக்காரர்கள். வீட்டில் மராத்தி. செக்கு ஆட்டிப் பிழைத்த காலத்தில் ஓய்வு நாளான சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ஊரார் வைத்த பெயர் ஷனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள். பேண் ஊரிலிருந்து வந்தவர் பேண்கர், திவேயிலிருந்து வந்தவர் திவேகர். மும்பையின் முதல் ஜெப ஆலயத்தை 1796இல் எழுப்பியவரே ஒரு திவேகர்தான். சரித்திரம் போதும்.

இந்த வருஷம் செப்டம்பர் 11, வெள்ளி மாலை சூரியன் மறைந்ததும் அவர்களுக்கு 5787ஆம் வருஷம் பிறக்கிறது. போன வருஷம் நவராத்திரி முதல் நாளன்று மாலை பிறந்தது, தேம்பி நாகா தேவி பந்தலுக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே. இந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. அவர்களும் சந்திரனை வைத்து மாதம் எண்ணுகிறவர்கள், அவ்வப்போது ஒரு மாதம் கூட்டிக்கொள்கிறவர்கள். இங்கே மராத்திப் பஞ்சாங்கத்தில் அந்தக் கூடுதல் மாதம், அதிக மாசம், இந்த வருஷமே வந்து போய்விட்டது. அவர்களுக்கு அது அடுத்த பிப்ரவரியில். அதனால்தான் இந்த இடைவெளி.

அடுத்த இரண்டு வாரம் உன் மாடிப்படியில் ஒரு வாசனை வரும். சீக்-சா அல்வா, அவர்களின் வருஷப் பிறப்பு இனிப்பு. கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் நிற்கிற கெட்டியை எடுப்பார்கள். நம் முதலூர் மஸ்கோத் அல்வா நினைவுக்கு வருகிறதா? அதேதான், கோதுமைப் பாலும் தேங்காய்ப் பாலும். அவர்கள் நெய்யைத் தொடாததற்குக் காரணம் உண்டு. பண்டிகைச் சாப்பாட்டில் கறி இருக்கும், கறியோடு பால் பொருள் சேரக் கூடாது. அடுப்பில் ஏற்றிவிட்டால் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும், கை நிறுத்தினால் அடி பிடிக்கும். அப்புறம் தட்டில் ஊற்றி, ஏலக்காய் தூவி, பாதாமும் பிஸ்தாவும் சீவிப் போட்டு, ஆறியதும் வில்லை போடுவார்கள். முன்பெல்லாம் ஒரு வீட்டு அல்வாவுக்கு நாலு வீட்டுப் பெண்கள் வந்து மாற்றி மாற்றிக் கிண்டினார்கள். 1948க்குப் பிறகு பெரும்பகுதிக் குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. கிண்ட ஆள் இல்லை. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது அதுதான். ஜெப ஆலயக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் பணம் எப்படியாவது திரட்டிவிடலாம்.

கீழ் வீட்டில் பாட்டியம்மா தனியாக இருந்தால், வெள்ளிக்கு முன்னால் ஒரு மாலை போய் நின்று கேள். கரண்டியைக் கொடுத்தால் வாங்கிக் கிண்டு. கொடுக்காவிட்டால் தேங்காயாவது துருவிக் கொடு. அவர்கள் சமையலறைக்குச் சட்டதிட்டம் அதிகம், பாத்திரத்தை நீயாக எடுக்காதே.

ஜெப ஆலயத்தில் தேவைப்படுவது வேறு. கூட்டு வழிபாடு முழுமையாக நடக்கப் பதின்மூன்று வயது கடந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். வருஷப் பிறப்புக்கு ஆட்டுக்கடாக் கொம்பு ஊதத் தெரிந்தவர் வேண்டும், ராகம் தெரிந்து நடத்துகிறவர் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்கள் வந்து இவர்களுக்கு வழிபாடு சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது கொச்சியிலேயே பத்துப் பேர் சேர்வது பெரும்பாடு. இந்த வருஷம் முதல் நாள் சனிக்கிழமை, அதனால் கொம்பு கிடையாது. ஞாயிறு காலை ஊதுவார்கள், ஜன்னலைத் திறந்து வை.

வருஷத்தின் பத்தாம் நாள்தான் யோம் கிப்பூர் என்கிற பாவமன்னிப்பு நாள், செப்டம்பர் 20 மாலை தொடங்கி மறுநாள் இருட்டும் வரை. பச்சைத் தண்ணீர்கூட இல்லாத விரதம், வெள்ளை உடை. அந்தக் காலத்தில் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்ததால் மராத்தியில் கதவடைப்புப் பண்டிகை என்றே பெயர். அன்று போன் போடாதே, டீ சாப்பிடுகிறீர்களா என்று உபசாரம் செய்யாதே. மறுநாள் ஷிளா சண் என்கிற பண்டிகை, ஏழைகளுக்குக் கொடுப்பதும் உறவு பார்ப்பதுமாக இருப்பார்கள். பார்க்கப் போக அதுதான் நல்ல நாள்.

25ஆம் தேதி மாலை கூடாரப் பண்டிகை. அதற்குப் போடுகிற பந்தலுக்கு மேலே ஓலை வேயலாம், தகரம் கூடாது. வெட்டிய தழையாக இருக்க வேண்டும், இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும். கம்பம் நடுவதும் ஓலை தூக்குவதும் இளவட்டங்கள் வேலை. உனக்குத் தோளில் வலு இருக்கிறது, ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பார். ஆனால் முதலில் ஜெப ஆலய வாசலில் காவலிடம் அடையாள அட்டை காட்டு. 2008இல் மும்பையில் யூத மையமான நரிமன் ஹவுஸில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கெடுபிடியை நான் தப்புச் சொல்ல மாட்டேன். செல்ஃபி எடுக்கிற எண்ணம் இருந்தால் போகவே போகாதே.

அல்வா வந்தால், தட்டை வெறுமனே திருப்பாதே. நம் வழக்கப்படி ஏதாவது சமைத்து வைத்துவிடவும் செய்யாதே, அவர்களால் சாப்பிட முடியாது. மாதுளம்பழம் வை. வருஷப் பிறப்புத் தட்டில் எப்படியும் அது வேண்டும், கடையில் அந்த வாரம் விலை ஏறியிருக்கும்.

அன்புடன்,
அக்கா